தேதியை மென்பொருள் கணக்கிடட்டும்

வாசகர் கேள்வி – பதில்

பணித்திட்ட மென்பொருள்களைக் கையாளுவது குறித்து ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்ததால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் பதில் தரப்படுகிறது.

கேள்வி: ஐயா, நாங்கள் மீன் ஏலக்கூடம் ஒன்றும் அதையொட்டி ஐஸ் அறை ஒன்றும் கட்டி வருகிறோம். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளைப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொடுத்திருக்கிறேன். அஸ்திவார வேலை பத்து நாள் தள்ளிப்போனால், பின்னால் உள்ள தேதிகளை எல்லாம் நானே உட்கார்ந்து மாற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு எக்செல்லே போதுமே என்று முதலாளி கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
— சிவில் பொறியாளர் ஒருவர், தொண்டி

பதில்: உங்கள் முதலாளி கேட்பது நியாயமான கேள்வி. இப்போது இருக்கும் நிலையில் உங்கள் கோப்பு ஓர் எக்செல் அட்டவணையாகத்தான் இருக்கிறது. இந்த வகை மென்பொருளில் தேதி என்பது நமக்குக் கிடைக்க வேண்டிய விடை. அதை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் கணக்கிடுவதற்கு மென்பொருளிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும், அது எந்த வேலையை நம்பி நிற்கிறது, எந்தக் காலண்டரின்படி நடக்கிறது என்பவற்றை மட்டும் சொல்லிவிட்டு, தேதிப் பத்தியில் கைவைக்காமல் இருக்கப் பழகுங்கள்.

தொடக்கத் தேதிப் பத்தியில் ஒரு தேதியைத் தட்டச்சு செய்தவுடன், ‘இந்தத் தேதிக்கு முன் தொடங்கக்கூடாது’ என்ற நிபந்தனையை மென்பொருள் அந்த வேலைக்குச் சத்தமில்லாமல் இட்டுவிடுகிறது. ‘ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்’ என்று அதற்குப் பெயர். முன்வேலை சீக்கிரம் முடிந்தாலும் இந்த வேலை முன்னே வராமல் அங்கேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு காரணமும் இருக்கலாம். 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, புதிதாகச் சேர்க்கும் வேலைகள் ‘மேனுவலி ஷெட்யூல்டு’ என்ற நிலையிலேயே உருவாகும்படி மென்பொருள் வருகிறது. அந்த நிலையில் உள்ள வேலையின் தேதியை மென்பொருள் தானாக நகர்த்தாது. திரையின் கீழ்ப்பட்டையிலேயே இதை ‘ஆட்டோ ஷெட்யூல்டு’ என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஏற்கெனவே பதிந்த வேலைகளை எல்லாம் ஒருசேரத் தேர்ந்தெடுத்து டாஸ்க் பட்டியில் உள்ள பொத்தானால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு ‘கன்ஸ்ட்ரெயின்ட் டைப்’ என்னும் பத்தியைச் சேர்த்து, உண்மையான காரணம் இல்லாத இடங்களில் எல்லாம் ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்று திருத்துங்கள். இப்படிச் செய்தவுடன் எல்லா வேலைகளும் திட்டத்தின் முதல் நாளில் வந்து குவியும். பதற வேண்டாம், எந்த வேலைக்கு முன்வேலை சொல்லப்படவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது.

இனி இணைப்புகளைப் போட வேண்டும். தூணின் அடியில் வரும் ஒரு புட்டிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். குழி தோண்டிய பின் பி.சி.சி. என்னும் கம்பியில்லாத அடிக் கான்கிரீட்; அதன்மேல் கம்பி கட்டு; பிறகு பக்கவாட்டு சென்ட்ரிங் என்னும் அச்சுப் பலகை; பிறகு கான்கிரீட். இவ்வளவும் எல்லோரும் போடுவதுதான். ஆனால் உங்கள் கரையோரத்தில் கான்கிரீட்டுக்கு இன்னொரு முன்வேலையும் உண்டு. நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் தண்ணீரைச் சோதித்து அறிக்கை வாங்க வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது. சோதனை அறிக்கை வரவில்லை, அல்லது நல்ல தண்ணீர் லாரி ஏற்பாடாகவில்லை என்றால் கம்பி கட்டி முடித்திருந்தாலும் கான்கிரீட் போட முடியாது. ஆகவே கான்கிரீட் என்ற வரிக்குச் சென்ட்ரிங், தண்ணீர் அறிக்கை ஆகிய இரண்டும் முன்வேலைகளாக இருக்க வேண்டும். தாமதம் பெரும்பாலும் இப்படிப்பட்ட, யாரும் வேலை என்று எண்ணாத வரிகளிலிருந்துதான் வருகிறது. அனுமதிக் கடிதம், சோதனை அறிக்கை, பொருள் கொள்முதல் ஆகிய மூன்றையும் தனி வரிகளாகப் போடாத ஷெட்யூலை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் கியூரிங்கைக் கையாளுவதில் பலர் சறுக்குகிறார்கள். அதே தர விதியின்படி சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்க வேண்டும். இந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமையும் அடக்கம், தீபாவளியும் அடக்கம். கான்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்யும் காலண்டரில் ‘10 நாள்’ என்று பதிந்தால் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளை மென்பொருள் ஒதுக்கிவிட்டு முடிவுத் தேதியைத் தள்ளிவிடும். ஆகையால் எண்ணுடன் ஈ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். அப்போது விடுமுறை பாராமல் தொடர்நாட்களாகக் கணக்கிடப்படும். சென்ட்ரிங் பிரிப்பதற்கான நாட்களுக்கும் இதே முறைதான். தாங்கு இடைவெளி (ஸ்பான்) நான்கரை மீட்டர் வரையிலான ரூஃப் என்றால் முட்டுகளை எடுக்க 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் என்பவை எல்லாம் தொடர்நாட்களே.

ஒரு வேலை முழுவதும் முடியும்வரை அடுத்தது காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலையும் உண்டு. செங்கல் கட்டு தொடங்கி ஆறு நாளில் பூச்சு வேலையைத் தொடங்கலாம் என்றால் ‘ஸ்டார்ட் டு ஸ்டார்ட்’ இணைப்புடன் ஆறு நாள் இடைவெளி கொடுக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால், கட்டு வேலை நீண்டுபோனாலும் பூச்சு வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டதாக மென்பொருள் காட்டும். முடிவையும் முடிவையும் இணைக்கும் ‘ஃபினிஷ் டு ஃபினிஷ்’ தேவைப்படுவது அதனால்தான். ஒரே இரண்டு வேலைகளுக்கு நடுவில் இரண்டு இணைப்புகளை மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் ஏற்காது என்பதால், கட்டு வேலையைக் கீழ்ப்பகுதி, மேல்பகுதி என்று இரண்டு வரிகளாகப் பிரித்துவிடுவது எளிது. தலைப்பு வரிகளை ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். வேலை வரிகளை மட்டும் இணையுங்கள். வரிசையாக உள்ள வேலைகளைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல், எஃப்2 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அவை ஒரே தடவையில் சங்கிலியாக இணைந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் வேலையின் நாட்களோடு பத்து நாளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கடைசி வரியின் தேதி நகர்கிறதா என்று கவனியுங்கள். நகரவில்லை என்றால், வழியில் வேறு ஏதோ ஒரு வேலைக்குப் பத்து நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது, அல்லது சங்கிலி எங்கேயோ அறுந்திருக்கிறது. பார்த்து முடித்ததும் பழைய எண்ணையே திரும்பக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையை முதலாளியின் முன்னால் ஒருமுறை செய்து காட்டினால், எக்செல் பற்றிய கேள்விக்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: மண்டபத்தில் படகுத்துறைச் சீரமைப்பு வேலைகளின் ஷெட்யூலை நான் பார்த்துக்கொள்கிறேன். தளத்தில் காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை, ஒரு மணி நேர உணவு இடைவேளையுடன் வேலை நடக்கிறது. காலண்டரில் அப்படியே மாற்றிய பிறகு, 5 நாள் என்று பதிந்த வேலைகள் 4 நாளில் முடிவதாகக் காட்டுகின்றன. கடல் கொந்தளிக்கும் மாதங்களை எப்படிக் காட்டுவது என்பதும் புரியவில்லை.
— வாசகி ஒருவர், மண்டபம்

பதில்: அம்மா, முதல் சிக்கல் மென்பொருளின் பிழை அன்று. ‘ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்’ என்ற கணக்கைக் காலண்டரிலிருந்து எடுக்காமல், ஃபைல், ஆப்ஷன்ஸ், ஷெட்யூல் என்ற இடத்தில் உள்ள தனி அமைப்பிலிருந்து மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அங்கே ஆரம்பத்தில் ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி, மாதத்துக்கு 20 நாள் என்று இருக்கும். நீங்கள் 5 நாள் என்று எழுதியபோது அது 40 மணி என்று எடுத்துக்கொண்டது. உங்கள் காலண்டரில் நாளுக்கு 10 மணி இருப்பதால் 40 மணி வேலை 4 நாளில் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் நாளுக்கு 10, ஆறு நாள் வாரம் என்றால் வாரத்துக்கு 60 என்று மாற்றிவிடுங்கள். இதை வேலைகளைப் பதிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்; பதிந்த பிறகு மாற்றினால், மணிக்கணக்கு அப்படியே இருக்க நாள் எண்கள் மட்டும் மாறி, 5 நாள் என்றது 4 நாளாகத் தெரியும். அப்போது ஒவ்வொரு வேலையின் நாட்களையும் மறுபடி பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.

கடலைப் பொறுத்தவரை உங்கள் ஊருக்கு ஒரே காலண்டர் போதாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலும் அருகருகே இருக்கின்றன. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கிறது. வாடைக் காற்றின் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கிறது. ஆகவே ‘வடகடல் வேலை’, ‘தென்கடல் வேலை’, ‘கரை வேலை’ என்று மூன்று காலண்டர்களை உருவாக்கி, ஒவ்வொரு வேலைக்கும் உரியதை டாஸ்க் இன்ஃபர்மேஷன் பெட்டியின் அட்வான்ஸ்டு பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். கொந்தளிப்பான மாதங்களை முழு விடுமுறையாக அடைக்க வேண்டியதில்லை. ‘சேஞ்ச் வொர்க்கிங் டைம்’ பெட்டியில் ‘வொர்க் வீக்ஸ்’ என்றொரு பக்கம் இருக்கிறது. குறிப்பிட்ட தேதிகளுக்கு இடையில் வாரத்துக்கு மூன்று நாளோ நான்கு நாளோதான் வேலை என்று அங்கே ஒரே தடவையில் சொல்லிவிடலாம். எத்தனை நாள் என்பதை ஊகத்தில் எழுதாமல், போன ஆண்டுகளின் தள வருகைப் பதிவேட்டை எடுத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை உண்மையில் எத்தனை நாள் ஆட்கள் இறங்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாவட்டத்துக்கு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது என்பதால் கரை வேலைக் காலண்டருக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

பண்டிகைகளைச் சேர்க்கும்போது அரசு விடுமுறைப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். ஏர்வாடி சந்தனக்கூடு, ஊர்க் கோயில் திருவிழா, ரம்ஜான் மாதத்து வேலை நேரம் ஆகியவை வருகையைப் பாதிக்கும். சந்தனக்கூடும் ரம்ஜானும் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் தேதி முன்னே நகரும். சென்ற ஆண்டுக் காலண்டரை அப்படியே நகலெடுத்தால் தவறாகிவிடும். ராமேசுவரம் தீவுக்குப் பொருள் அனுப்புபவராக இருந்தால், ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஒரே சாலைப் பாலத்தின் வழியாகத்தான் லாரி போக வேண்டும் என்பதையும் கொள்முதல் வரிகளில் கருதிக்கொள்ளுங்கள். ஒருமுறை சரியாக அமைத்த காலண்டர்களை ‘ஆர்கனைசர்’ வழியாக மற்றக் கோப்புகளுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: விசைப்படகு பழுதுபார்ப்புத் தளம் வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் கரையேறும். வெல்டர் இரண்டு பேர், எஞ்சின் மெக்கானிக் ஒருவர்தான் இருக்கிறார்கள். தடை முடியும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் வசதி மென்பொருளில் இருக்கிறதாமே, அதைப் பயன்படுத்தலாமா?
— படகுத் தளம் நடத்துபவர், ராமேசுவரம்

பதில்: வசதி இருக்கிறது, பயன்படுத்த வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடச் சொன்னால், ஒவ்வொரு வேலையையும் எவ்வளவு தாமதமாகத் தொடங்க முடியுமோ அவ்வளவு தாமதமாக மென்பொருள் வைத்துவிடும். ஒரு பலகை வராமல் ஒரு நாள் போனாலும் படகு தடை முடியும் நாளில் கடலுக்கு இறங்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான் உங்களுக்குக் கிடைக்கிறது. ஆகவே ஏப்ரல் 15 என்று தொடக்கத்தைக் கொடுத்து முன்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு படகின் கடைசி வேலைக்கும் ‘டெட்லைன்’ என்ற இடத்தில் படகுக்காரர் கேட்ட தேதியை எழுதுங்கள். டெட்லைன் வேலையை நகர்த்தாது. ஆனால் கணக்கு அதைத் தாண்டியவுடன் குறிப்புப் பத்தியில் சிவப்பு அடையாளம் வந்துவிடும். ‘டோட்டல் ஸ்லாக்’ பத்தியைத் திறந்து வைத்தால் எந்தப் படகுக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது, எது கழித்தல் கணக்கில் போய்விட்டது என்பதும் தெரியும்.

ஒரு படகின் வேலைகளை முதலில் ஒழுங்காகப் போடுங்கள். கரையேற்றுதல், அடிப்பாகம் சுரண்டுதல், பலகை அல்லது தகடு மாற்றுதல், எஞ்சின் பிரித்துப் பார்த்தல், பெயின்ட், ஆய்வு, இறக்குதல் என்று இணைத்து முடித்தபின், தலைப்பு வரியோடு சேர்த்து நகலெடுத்துக் கீழே ஒட்டினால் உள் இணைப்புகளும் கூடவே வந்துவிடும். பிறகு ரிசோர்ஸ் பட்டியலில் வெல்டர் 200 சதவீதம், மெக்கானிக் 100 சதவீதம் என்று பதிந்து, வேலைகளுக்கு அவர்களை ஒதுக்குங்கள். அதன் பின்னரே, ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் விழும் வேலைகளைத் தள்ளி வைக்கும் ‘லெவல் ஆல்’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும்; அதற்கு முன் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். யாருடைய படகு முதலில் என்பதை மென்பொருளின் போக்கில் விட்டுவிடாமல், ‘பிரையாரிட்டி’ எண்ணால் நீங்களே தீர்மானியுங்கள். எல்லா வேலைக்கும் தொடக்கத்தில் 500 என்று இருக்கும். எண் கூடக்கூட முன்னுரிமை கூடும். 1000 என்று கொடுத்த வேலையை லெவலிங் தொடவே தொடாது. லெவலிங் முடிந்ததும் மெக்கானிக்கின் வரிசை ஜூன் 14ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் இன்னொரு மெக்கானிக்கை ஏற்பாடு செய்யவோ, சில படகுகளை ஏற்காமல் விடவோ மார்ச் மாதத்திலேயே முடிவெடுக்கலாம். படகுக்காரரிடம் மார்ச்சில் முடியாது என்று சொல்வதும் ஜூனில் சொல்வதும் ஒன்றல்ல.

கேள்வி: வளைகுடா நாட்டில் பிரைமவேரா பி6 என்ற பணித்திட்ட மென்பொருளைப் பயன்படுத்தி வந்தேன். இப்போது ஊரில் சிறிய கட்டடங்கள் செய்கிறேன். விலையில்லாமல் ஏதாவது கிடைக்குமா?
— கீழக்கரை வாசகர்

பதில்: புராஜெக்ட்லிப்ரே, கான்ட் புராஜெக்ட் ஆகிய இரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்புகளை யாராவது அனுப்புவார்கள் என்றால் புராஜெக்ட்லிப்ரே உதவும். வீடு, கடை போன்ற வேலைகளுக்குக் கான்ட் புராஜெக்ட் தாராளமாகப் போதும். உங்கள் வேலைக்கு பி6 தேவையில்லை. எஃப்9 அழுத்திக் கணக்கிட்டபின் ஷெட்யூல் லாகைத் திறந்து, முன்வேலை இல்லாதவை, பின்வேலை இல்லாதவை எவை என்று பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்திருக்கும். அந்தப் பழக்கத்தை மட்டும் இங்கேயும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு வாரமும் மேஸ்திரியிடம் கேட்டால் ‘90 சதவீதம் முடிந்தது’ என்கிறார். நாலு வாரமாக அதே 90 சதவீதம்தான். ஷெட்யூலை எப்படி உண்மைக்கு நெருக்கமாக வைத்திருப்பது?
— களப் பொறியாளர், சாயல்குடி

பதில்: கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்டால் முடிந்ததைப் பற்றித்தான் பேசுவார்; ‘இன்னும் எத்தனை நாள் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும்’ என்று கேட்டால் மீதியை எண்ணிப் பார்த்துச் சொல்வார். அந்தப் பதிலை ‘ரிமெய்னிங் டியூரேஷன்’ பத்தியில் எழுதுங்கள். உண்மையில் தொடங்கிய தேதியை ‘ஆக்சுவல் ஸ்டார்ட்’ பத்தியில் எழுதுங்கள். சதவீதத்தை மென்பொருளே போட்டுக்கொள்ளும். 20 நாள் வேலையில் 90 சதவீதம் என்று நீங்கள் எழுதினால், மீதி 2 நாள் என்று அது நம்பிவிடுகிறது. மீதி 8 நாள் என்பது தளத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை மாலையில் வாரக் கூலி கணக்குப் பார்க்கும் நேரமே இதற்கு மிகப் பொருத்தமானது. ஆள் கணக்கும் வேலைக் கணக்கும் அப்போது ஒரே மேசையில் இருக்கும். அந்தத் தேதியை ‘ஸ்டேட்டஸ் டேட்’ ஆகப் போட்டு, தொடங்கியவை, முடிந்தவை, மீதி நாட்கள் ஆகியவற்றைப் பதிந்து முடித்த பின், ‘அப்டேட் புராஜெக்ட்’ பெட்டியில் முடியாத வேலையை அந்தத் தேதிக்குப் பிறகு நகர்த்தச் சொல்லுங்கள். கடந்துபோன தேதியில் முடியாத வேலை ஒன்றுகூட நிற்கக்கூடாது. இந்தக் கட்டளை, இன்னும் தொடங்காத வேலைகளுக்கு மேலே தொண்டி வாசகருக்குச் சொன்ன அதே ‘ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்’ நிபந்தனையை இடும் என்பதால், மாதம் ஒருமுறை அந்தப் பத்தியைப் பார்த்துப் பழையவற்றை நீக்கிவிடுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்பாக, ஒப்புக்கொண்ட ஷெட்யூலை ‘செட் பேஸ்லைன்’ மூலம் பதிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே கோப்பில் 11 பேஸ்லைன் வரை வைத்துக்கொள்ளலாம். தாமதம் ஆகும்போதெல்லாம் பழைய பேஸ்லைனின் மேலேயே புதியதை எழுதுபவர்களைப் பார்க்கிறேன்; அது தாமதத்தை அழிக்கும் வேலை. வேலையின் அளவே கூடினால் மட்டும், புதிய வேலைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் பேஸ்லைன் சேருங்கள். முதல் பேஸ்லைனின் பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும். பின்னாளில் கால நீட்டிப்புக் கேட்டு எழுதும்போது அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

கேள்வி: நான் அச்சிட்டுத் தரும் பார் சார்ட்டைத் தளத்தில் யாரும் படிப்பதில்லை. பதினைந்து தாள் வருகிறது, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சுருக்க வழி உண்டா?
— அலுவலகப் பணியாளர், ராமநாதபுரம்

பதில்: தளத்துக்குப் போகும் தாளில் அடுத்த மூன்று வார வேலைகள் மட்டும் இருந்தால் போதும். ‘டேட் ரேஞ்ச்’ என்ற வடிகட்டி இரண்டு தேதிகளைக் கேட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வேலைகளை மட்டும் காட்டும். ‘டெக்ஸ்ட் 1’ என்னும் காலிப் பத்தியில் பொறுப்பான மேஸ்திரியின் பெயரை எழுதி, அதன்படி ‘குரூப் பை’ செய்தால் ஒவ்வொருவருக்கும் அரைத்தாளில் அவருடைய வேலை மட்டும் வரும். வேலை பெயர், தொடக்கம், முடிவு ஆகிய மூன்று பத்திகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். மறைத்த பத்தியின் தகவல் அழிந்துபோவதில்லை.

வேலைப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். ‘மேல்தளக் கம்பி கட்டு, கிழக்குப் பகுதி’ என்று எழுதினால் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் தாங்களே படித்துக்கொள்வார்கள்; இதைப் பல அலுவலகங்கள் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமே. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். யூனிகோடு விசைப்பலகையில் தட்டச்சு செய்து, ஃபார்மேட் பட்டியின் ‘டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ்’ பெட்டியில் ‘ஆல்’ என்பதற்கு நிர்மலா யுஐ அல்லது லதா எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அச்சிடும் முன் பிடிஎஃப் ஆக மாற்றி, கொம்பும் காலும் உரிய இடத்தில் வந்திருக்கின்றனவா என்று ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மற்றவற்றை அச்சுக்குக் கொடுங்கள்.